இளையோருக்கான ‘உலகம் அழிந்த பிறகு’ நாவல்கள்: பெரியவர்கள் ஏன் எப்போதும் தோற்கிறார்கள்?

சனிக்கிழமை வாசகர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்காக வாசிப்பு வட்டம் ஒன்றை நடத்திவருகிறேன். சூசன் காலின்ஸின் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ நாவலை (2008) அவர்களாகவே தேடிப் படித்துவிட்டு, அதைப் போன்ற வேறு ஆங்கில நூல்கள் வேண்டும் என்று கேட்கிறார்கள். பெற்றோரில் சிலருக்கு இதில் உடன்பாடு இல்லை. தேர்வைப் பற்றிய கவலையே போதாதா, உலகம் அழிவதைப் படித்துவேறு பிள்ளைகள் தூக்கம் கெட வேண்டுமா என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட எனக்கு மனமில்லை.

பட்டியல் தயாரிப்பதற்காக இவ்வகை நூல்கள் சிலவற்றை வாசித்தேன். அணுகுண்டு, கொள்ளைநோய், கடல்மட்ட உயர்வு என்று அழிவின் காரணம் நூலுக்கு நூல் மாறினாலும், பெரியவர்களின் நிலை மட்டும் மாறுவதே இல்லை. அவர்கள் இறந்துவிடுகிறார்கள், அல்லது செயலற்றுப் போகிறார்கள், அல்லது எதிரிகளாகவே ஆகிவிடுகிறார்கள். ‘தி ஹங்கர் கேம்ஸ்’ நாயகி காட்னிஸின் தந்தை சுரங்க விபத்தில் இறந்ததும் தாய் மனமுடைந்து முடங்கிவிட, 11 வயதுச் சிறுமி குடும்பத்துக்கு உணவு தேட வேண்டியிருக்கிறது. வீட்டில் தாயும் தந்தையும் நலமாக இருந்தால் எந்தப் பிள்ளையும் சாகசத்துக்குப் புறப்பட முடியாது என்பதால் அவர்களை முதல் அத்தியாயத்திலேயே அப்புறப்படுத்துவது சிறார் கதைகளின் பழைய உத்தி என்பது எனக்குத் தெரியும். இந்த நாவல்களில் அது வெறும் உத்திதானா, அல்லது அவை பேசவரும் பொருளே அதுதானா? மேலும், இத்தகைய நூல் நம்பிக்கையோடுதான் முடிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியா? எந்த வயதினருக்கு எதைக் கொடுக்கலாம் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழம்பதிப்பு

உத்தியாகத் தொடங்கியது பின்னர் பொருளாகவே ஆகிவிட்டது என்பது என் எண்ணம். அந்த மாற்றம் ஏறத்தாழ எப்போது நேர்ந்தது என்பதையும் பழைய நூல்களைக் கொண்டு காட்ட முடியும்.

ஜான் கிறிஸ்டோபர் 1967இல் வெளியிட்ட ‘தி ஒயிட் மவுண்டன்ஸ்’ நாவலில், மூன்று கால்களில் நடக்கும் பேரெந்திரங்கள் உலகை ஆள்கின்றன. 14 வயது ஆனதும் ஒவ்வொருவர் தலையிலும் ஓர் உலோக வலை பொருத்தப்படுகிறது. அதன்பின் அவர்களுக்கு ஆட்சியைப் பற்றிய ஐயமே எழுவதில்லை. அந்த ஊரில் போர் இல்லை, பசி இல்லை, விழாக்கள் கூட முறையாக நடக்கின்றன. பெற்றோர் கொடியவர்களும் அல்லர்; மன நிறைவோடு வாழ்கிறார்கள். கதையை அச்சமூட்டுவதாக ஆக்குவது அந்த நிறைவுதான். தப்பியோடும் சிறுவன் வில் கூட, வழியில் பிரான்ஸில் ஒரு கோட்டையில் அன்போடு நடத்தப்படும்போது, பயணத்தை விட்டுவிட்டு அங்கேயே தங்கி வலையை ஏற்றுக்கொள்ளலாமா என்று தடுமாறுகிறான். ‘வளர்ந்து பெரியவனாவது’ என்பதில் எவ்வளவு கேள்வி கேட்காமல் இருக்கும் பழக்கம் அடங்கியிருக்கிறது என்பதை இதைவிட எளிமையாக 13 வயதுப் பிள்ளைக்குச் சொல்ல முடியாது. இந்நாவலில் தொடங்கும் முத்தொகுதியின் மூன்றாம் நூலில் (1968) எந்திரங்களை வென்ற மனிதர்கள் உலக ஒற்றுமைக்காகக் கூடி, பழைய நாட்டுப் பகைகளின் பேரால் பிரிந்து போகிறார்கள். வெற்றிக்குப் பிறகு அப்படியொரு கூட்டத்தைக் காட்டிச் சிறார் கதையை முடிக்கும் துணிவு இன்றைய பதிப்பகங்களுக்கு இருக்குமா என்று எனக்கு ஐயமுண்டு.

ராபர்ட் சி. ஓபிரையனின் ‘இசட் ஃபார் சக்கரையா’ (1974) இன்னும் நெருக்கமாக வருகிறது. அணுப்போருக்குப் பிறகு கதிர்வீச்சு எட்டாத ஒரு பள்ளத்தாக்கில் தனியாக வாழும் ஆன் என்ற பெண்ணிடம், பாதுகாப்பு உடை அணிந்த அறிவியலாளர் ஒருவர் வந்து சேர்கிறார். நோயுற்ற அவரை அவள் பேணுகிறாள். உடல் தேறியதும் அவர் கடையைப் பூட்டுகிறார், டிராக்டர் சாவியை எடுத்துக்கொள்கிறார், கடைசியில் அவள் நடமாட முடியாதபடி காலைக் குறிவைத்துச் சுடுகிறார். எஞ்சியிருக்கும் ஒரே பெரியவரும் பாதுகாவலராக இல்லை. உடை, உணவு, விதை ஆகியவை எவர் கையில் இருக்கின்றனவோ அவரே சட்டம் என்ற நிலைக்கு உலகம் திரும்புகிறது. ஆசிரியர் 1973இல் இறந்துவிட்டதால், அவருடைய குறிப்புகளைக் கொண்டு மனைவியும் மகளும் இறுதி அத்தியாயங்களை எழுதி முடித்தார்கள்.

பெரியவர்களின் தோல்வியை வெளிப்படையான குற்றச்சாட்டாகவே மாற்றியவர் ஜெர்மானிய எழுத்தாளர் குட்ரூன் பௌசேவாங். அமெரிக்க ஏவுகணைகள் மேற்கு ஜெர்மனிக்கு வரவிருந்த 1983இல் வெளியான அவருடைய ‘ஷேவன்போர்னின் கடைசிக் குழந்தைகள்’ நாவலில், குண்டு விழுந்தபின் எஞ்சிய பிள்ளைகளுக்காகக் கதைசொல்லியின் தந்தை ஒரு பள்ளியைத் தொடங்குகிறார். அழிவைத் தடுக்க நீங்கள் என்ன செய்தீர்கள் என்று பிள்ளைகள் கேட்கும்போது அவரிடம் சொல்வதற்கு எதுவுமில்லை. செர்னோபில் அணுவுலை விபத்துக்கு அடுத்த ஆண்டான 1987இல் வந்த ‘மேகம்’ நாவல் 1988இல் ஜெர்மன் இளையோர் இலக்கியப் பரிசைப் பெற்றது. கதையில் விபத்து நேரும் இடமாக, கிராஃபன்ரைன்ஃபெல்ட் என்ற உண்மையான அணுமின் நிலையத்தின் பெயரையே அதில் அவர் எழுதினார். கதிர்வீச்சால் முடியை இழந்த 14 வயது நாயகி, எதுவும் அறியாத தாத்தா பாட்டியிடம் திரும்பி வந்து, செய்தித்தாள்கள் எல்லாவற்றையும் மிகைப்படுத்துகின்றன என்று தாத்தா பேசிக்கொண்டிருக்கையில் தொப்பியைக் கழற்றுகிறாள். கூடங்குளம் பற்றிய வாதங்களைக் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டிய தேவையே இருக்காது.

கரும்பலகை

பழம்பதிப்பு ஐயா சொன்னவற்றோடு எனக்குப் பெரும்பாலும் உடன்பாடுதான். ஆனால் அவர் எடுத்துக்காட்டியவை யாவும் பெரியவர்கள் செய்த தீங்கைப் பற்றியவை. அவர்கள் நல்லெண்ணத்தோடு செய்யும் தீங்கைப் பேசும் நூல் ஒன்று உண்டு. உங்கள் வட்டத்துப் பிள்ளைகளின் பெற்றோர் காட்டும் எதிர்ப்புக்கு அதிலேயே ஒரு விடை இருப்பதாக எனக்குப் படுகிறது.

ஜீன் டுப்ராவின் ‘தி சிட்டி ஆஃப் எம்பர்’ (2003) முழுவதும் சூரியனைக் காணாத ஒரு நகரத்தில் நடக்கிறது. ஒளி தருவன மின்விளக்குகள் மட்டுமே. கிடங்கில் பல்புகள் தீர்ந்துவருகின்றன. மின்னாக்கி அடிக்கடி நின்றுபோகிறது. 12 வயதில் பள்ளி முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பையிலிருந்து சீட்டு எடுத்துத் தன் வேலையைப் பெறுகிறது. செய்தி கொண்டுசெல்லும் பெண் லீனாவும், குழாய்ப் பணியில் சேரும் சிறுவன் டூனும், நகரைவிட்டு வெளியேறும் வழி எழுதப்பட்ட ஒரு தாளைக் கண்டெடுக்கிறார்கள். அதில் பாதியை லீனாவின் சின்னத் தங்கை மென்று தின்றுவிட்டிருக்கிறாள் என்பது என் மாணவர்கள் வாய்விட்டுச் சிரிக்கும் இடம்.

அந்தத் தாள் எப்படித் தொலைந்தது என்பதைக் கவனியுங்கள். நகரைக் கட்டியவர்கள், வெளியுலகம் 200 ஆண்டுகளுக்கு வாழத் தகுதியற்றதாக இருக்கலாம் என்று கணித்து, வழிக்குறிப்பை ஒரு பெட்டியில் பூட்டி, நகரத் தலைவர் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு இரகசியமாகக் கைமாறும்படி ஏற்பாடு செய்தார்கள். ஏழாம் தலைவர் சுயநலத்தால் அதை வீட்டுக்கு எடுத்துப்போகிறார், சங்கிலி அறுந்துவிடுகிறது. ஆனால் மூலத் தவறு அவருடையது அன்று. முதன்முதலில் அங்கே குடியேற்றப்பட்டவர்கள் முதியவர்கள் நூறு பேரும் கைக்குழந்தைகள் நூறு பேரும் மட்டுமே. வெளியுலகின் நினைவு இருந்தால் குழந்தைகள் ஏங்கித் துயருறுவார்கள் என்பதற்காக, அதைப் பற்றி எதுவும் சொல்லக் கூடாது என்று அந்த முதியவர்களுக்குக் கட்டளை. அன்பினால் செய்யப்பட்ட அந்த மறைப்பின் விளைவாக, விளக்குகள் அணையும் காலத்தில் வாழும் ஒருவருக்குக் கூட வேறோர் இடம் உண்டு என்பதே தெரிவதில்லை. இருளில் கையில் ஏந்திச் செல்லும் விளக்கு என்ற கருத்துக் கூட அவர்களிடம் இல்லை. மெழுகுவத்தியையும் தீக்குச்சியையும் கண்டெடுத்தபோது அவை எதற்கு என்று லீனாவும் டூனும் விழிக்கிறார்கள். பிள்ளைகள் வருந்தக் கூடாது என்று நூலைத் தடுக்க விரும்பும் பெற்றோர் எவரையும் முதலில் இதை வாசிக்கச் சொல்வேன்.

அறிவைக் கடத்துவது பற்றிய இதே கேள்வியை எதிர்த்திசையிலிருந்து கேட்பது ஃபிலிப் ரீவின் ‘மார்ட்டல் எஞ்சின்ஸ்’ (2001). சக்கரங்களின் மேல் ஊர்ந்து சென்று சிறிய ஊர்களை விழுங்கும் இலண்டன் நகரம், அறுபது நிமிடப் போரில் அழிந்த பழைய நாகரிகத்தின் பேராயுதம் ஒன்றைத் தோண்டி எடுத்து மீண்டும் இயக்க முற்படுகிறது. அதை எதிர்த்து நிற்பவர்கள் அருங்காட்சியகத்தின் வரலாற்றாளர்கள். அதே அருங்காட்சியகத்தில் மிக்கி மவுஸும் புளூட்டோவும் தொலைந்துபோன அமெரிக்காவின் விலங்குத்தலைத் தெய்வங்களாகக் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. இடிபாடுகளிலிருந்து எதை எடுப்பது, எதைப் புதைந்தபடியே விடுவது என்பதைப் பற்றி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மணிக்கணக்கில் வாதிடுவார்கள். நீங்கள் நாற்காலியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

நெய்தல்நிலத்தான்

இருவரும் பேசிய நூல்களில் ஒரு பொதுவான முன்முடிவு இருக்கிறது. நல்ல நிலையில் இருந்த உலகம் ஒரு நாள் முறிகிறது, அதன் குற்றவாளிகள் முந்தைய தலைமுறையினர் என்பதே அது. முறிவு ஏற்கெனவே நிகழ்ந்துவிட்ட மக்களின் பார்வையில் எழுதப்பட்ட நூலை எடுத்துக்கொண்டால், ‘பெரியவர்கள் எப்போதும் தோற்கிறார்கள்’ என்ற கேள்வியே நிலைக்காது.

கனடாவின் பழங்குடி இனங்களுள் ஒன்றான மெட்டீ இனத்து எழுத்தாளர் ஷெரி டிமலைன் எழுதிய ‘தி மாரோ தீவ்ஸ்’ (2017), அந்நாட்டின் கவர்னர் ஜெனரல் விருதைப் பெற்றது. சூழல் சிதைந்த எதிர்காலத்தில் பழங்குடியினர் அல்லாதவர்கள் கனவு காணும் ஆற்றலை இழந்துவிடுகிறார்கள். பழங்குடியினரின் எலும்பு மஜ்ஜையில் அந்த ஆற்றல் எஞ்சியிருப்பதாகக் கண்டறிந்து அவர்களை வேட்டையாடிப் ‘பள்ளிகள்’ என்றே அழைக்கப்படும் கூடங்களில் அடைக்கிறார்கள். பழங்குடிக் குழந்தைகளைக் குடும்பங்களிலிருந்து பிரித்து, தாய்மொழி பேசினால் தண்டித்த உறைவிடப் பள்ளிகள் கனடாவில் 1990கள் வரை இயங்கின என்பதை அறிந்தவர்களுக்கு அந்தப் பெயர் போதும். இந்நாவலில் காட்டுவழியே தப்பிச் செல்லும் பிள்ளைகளை வழிநடத்துபவர் மீக் என்ற மூத்தவர். அவர் இரவில் நெருப்பின் முன் தங்கள் இனத்தின் வரலாற்றை, சிறியவர்களுக்கு வயது வந்தபின்தான் முழுதும் சொல்வது என்ற ஒழுங்கோடு, பகுதி பகுதியாகச் சொல்கிறார். கூட்டத்தில் மூதாதையரின் மொழி தெரிந்த ஒரே ஒரு பாட்டி இருக்கிறார். கதையின் திருப்புமுனை அவர் கையில்தான் இருக்கிறது. இங்கே பெரியவர்களை இழப்பதுதான் உண்மையான அழிவு.

பழைய ஆங்கில நூல்களிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. பீட்டர் டிக்கின்சனின் ‘தி டெவில்ஸ் சில்ட்ரன்’ (1970) நாவலில், இங்கிலாந்து மக்கள் எல்லோருக்கும் திடீரென எந்திரங்களின் மீது வெறுப்பு மூண்டு, நாடே பழங்காலத்துக்குத் திரும்புகிறது. பெற்றோரைப் பிரிந்த நிக்கி என்ற சிறுமி, அந்த வெறி தீண்டாத ஒரு சீக்கியர் கூட்டத்தோடு சேர்கிறாள். எந்தப் பொருள் உள்ளூர் மக்களின் சினத்தைத் தூண்டும் என்பதை அவர்களுக்கு முன்கூட்டி உணர்த்துவது அவள் வேலை. கூட்டத்தின் முடிவுகளை எடுப்பவர் ஒரு பாட்டி. அருகிலுள்ள ஊரார் இவர்களைப் பிசாசின் பிள்ளைகள் என்று அஞ்சினாலும், இவர்கள் அடித்துத் தரும் இரும்புக் கருவிகள் அவர்களுக்கு வேண்டியிருக்கின்றன. ஆங்கிலேயர் ஒருவர் வெளியே நின்று எழுதியது என்பதால் சில இடங்களில் சீக்கியர்கள் அளவுக்கு மீறிய வீரர்களாகத் தெரிகிறார்கள் என்ற குறை எனக்கு உண்டு. ஆயினும் 1970இல் குடியேறிகள் மீதான பகைமை இங்கிலாந்தில் எந்த அளவுக்கு இருந்தது என்பதை நினைத்தால், அவர்களையே நாட்டில் அறிவு தெளிந்தவர்களாக நிறுத்தியது எளிய செயல் அன்று.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாவோலோ பாச்சிகலூபியின் ‘ஷிப் பிரேக்கர்’ (2010) அமெரிக்காவின் வளைகுடாக் கடற்கரையில், கைவிடப்பட்ட எண்ணெய்க் கப்பல்களுக்குள் ஊர்ந்து சென்று செப்புக் கம்பி உரித்தெடுக்கும் சிறுவர்களைக் காட்டுகிறது. அமெரிக்க வாசகருக்கு அது எதிர்காலக் கற்பனை. குஜராத்தின் அலங்க் கடற்கரையில் கப்பல் உடைக்கும் தொழிலாளர்களின் படங்களைப் பார்த்திருக்கும் நமக்கு அதில் எதிர்காலம் என்று சொல்ல அதிகமில்லை.

பழம்பதிப்பு

நெய்தல்நிலத்தான் சொல்வதை ஏற்கிறேன். டிமலைனின் நூலை இன்னும் வாசிக்கவில்லை, தேடி வாசிக்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: மூத்தவர் வரலாற்றை வயதறிந்து பகுதி பகுதியாகச் சொல்வதும், எம்பர் நகரத்து முதியவர்கள் எதையுமே சொல்லாமல் மறைத்ததும், பௌசேவாங் நாவலில் வரும் தந்தை கேட்கப்பட்டபின் சொல்ல ஒன்றுமின்றி நிற்பதும் ஒரே கேள்விக்கான மூன்று விடைகள். பெரியவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்பதைவிட, பிள்ளைகளிடம் உண்மையைச் சொன்னார்களா என்பதே இந்த நூல்களில் எடை மிகுந்த கேள்வி என்று இப்போது தோன்றுகிறது.

இரு பிள்ளைகளின் தாய்

நூல்களின் முடிவு பற்றிய கேள்வியை எவரும் தொடவில்லை. தாயாக அதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

என் மகளை உண்மையில் உலுக்கியது ‘தி ஹங்கர் கேம்ஸ்’ அன்று. தொலைக்காட்சியில் போட்டி நிகழ்ச்சிக்கும் ஈராக் போர்க் காட்சிகளுக்கும் இடையே அலைவரிசையை மாற்றிக்கொண்டிருந்தபோது அக்கதை தோன்றியதாகக் காலின்ஸ் சொல்லியிருக்கிறார். அதில் வரும் வன்முறையை நம் பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பவர்களுக்கு எதிரான குற்றச்சாட்டாகப் புரிந்துகொள்கிறார்கள். அவளைத் தொந்தரவு செய்தது சூசன் பெத் ஃபெஃபரின் ‘லைஃப் ஆஸ் வீ நியூ இட்’ (2006). விண்கல் மோதி நிலவு பூமியை நெருங்கிவிட, பேரலைகளும் எரிமலைச் சாம்பலும் உலகை மூடுகின்றன. ஆனால் கதை முழுதும் பென்சில்வேனியாவில் ஒரு வீட்டுக்குள், மிராண்டா என்ற 16 வயதுப் பெண்ணின் நாட்குறிப்பாகவே நடக்கிறது. தாய் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துப் போய்க் கடையில் டப்பா உணவை அள்ளச் சொல்வது, பிறகு நாளுக்கு இருவேளை, ஒருவேளை என்று உணவு குறைவது, இளையவன் ஜானி மட்டும் பிழைத்தாலும் போதும் என்று மற்றவர்கள் தம் பங்கைக் குறைத்துக்கொள்வது ஆகியவை எந்த அரக்கனும் இல்லாமலே நெஞ்சை அடைக்கின்றன. இங்கே தாய் தோற்கவும் இல்லை, ஓடவும் இல்லை. ஒவ்வொரு நாளும் எண்ணிப் பங்கிடுகிறாள். முடிவில் உதவி வருவதும் நகர மன்றத்தில் வாரந்தோறும் வழங்கப்படும் உணவுப் பையின் வடிவில்தான். அந்த அளவு நம்பிக்கையே எனக்கு நேர்மையானதாகப் படுகிறது.

வயதைப் பொறுத்தவரை, எட்டாம் வகுப்புக்கு எம்பரும் ‘தி ஒயிட் மவுண்டன்ஸ்’ நாவலும் பொருந்தும். ‘இசட் ஃபார் சக்கரையா’வில் அந்த மனிதர் இரவில் ஆனின் அறைக்குள் நுழையும் காட்சி இருப்பதால், பத்தாம் வகுப்பில், பெண்பிள்ளைகள் தயக்கமின்றிப் பேசக்கூடிய சூழல் இருந்தால் மட்டும் கொடுங்கள். டிமலைனின் நூலிலும் ஒரு பெண்ணின் கடந்தகாலம் பற்றிய மிகக் கடினமான பகுதி உண்டு. அதையும் பத்தாம் வகுப்புக்கே வைத்துக்கொள்ளுங்கள். ஷேவன்போர்னைத் தனியே வாசிக்க எவருக்கும் கொடுக்காதீர்கள். அதில் குழந்தைகள் ஒருவர்பின் ஒருவராக இறக்கிறார்கள். ஆறுதலாக ஒரு வரி கூட இல்லை. அப்படி எழுதியது தவறு என்று நான் சொல்லவில்லை. அணுப்போருக்குப் பின் ஆறுதல் உண்டு என்று எழுதுவதுதான் அந்த ஆசிரியருக்குப் பொய்யாகத் தோன்றியிருக்கும். ஆனால் அந்த நூலை மூடியபின் பேச ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

சனிக்கிழமை வாசகர்

அனைவருக்கும் நன்றி. எம்பரில் தொடங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். கரும்பலகை அம்மா சொன்னபடி, பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முன் எதிர்ப்புத் தெரிவித்த பெற்றோர் இருவரிடம் ஒரு படியைக் கொடுத்திருக்கிறேன். அடுத்து ‘மார்ட்டல் எஞ்சின்ஸ்’. பத்தாம் வகுப்பினருக்கு மட்டும் ஃபெஃபரின் நாவலும் டிமலைனின் நாவலும். ஷேவன்போர்னை வட்டத்தில் நானே உரக்க வாசித்து, அத்தியாயத்துக்கு அத்தியாயம் நிறுத்திப் பேசலாமா என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். டிக்கின்சனின் நூல் எங்கள் நூலகத்தில் இல்லை. ‘தி சேஞ்சஸ்’ என்ற தலைப்பில், அந்நாவல் அடங்கிய முத்தொகுதியின் மூன்று கதைகளும் ஒரே நூலாக வந்த பதிப்பு எவரிடமாவது இருந்தால், அஞ்சல் செலவை நான் ஏற்றுக்கொண்டு ஒரு மாத காலத்துக்கு இரவலாகப் பெற விரும்புகிறேன்.